கொடி ஆடுவது யார் பாட்டுக்கு?



இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் மணி அடித்த பிறகும் ஐந்து நிமிடம் பேசுகிற ஆள் நான் என்பது உங்களுக்குத் தெரியும். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு நாள் இரவு அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலிருந்து போன் வந்தது. 1993-ல் நம் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்த மாணவி. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். “சார், உங்ககிட்ட ஒரு பஞ்சாயத்து” என்று ஆரம்பித்தாள்.

அவளுடைய மகள் அங்கே பள்ளியில் ‘கலர் கார்ட்’ அணியில் இருக்கிறாள். மார்ச் மாதம் தனிநபர் போட்டி. இரண்டு நிமிடம் கொடியை வீசி ஆட வேண்டும். அதற்குப் பாட்டை மாணவிகளே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அம்மாவுக்கு வயலினும் மிருதங்கமும் சேர்ந்த ஒரு விறுவிறுப்பான தமிழ்ப் பாட்டு வைக்க ஆசை. மகளோ பாடல் வரியே இல்லாத, மெதுவான பியானோ இசை ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள். “தூக்கம் வருது சார் அதைக் கேட்டா. நீங்க சொன்னா கேப்பா. லீவுக்கு வந்தப்ப நீங்க சொன்ன கதையெல்லாம் வாயைப் பிளந்துக்கிட்டு கேட்டாளே” என்றாள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். கலர் கார்ட் என்றால் என்ன என்றே அப்போது எனக்கு முழுதாகத் தெரியாது. ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு நேரத்துக்கு என்ன குறை? பேத்தியை உட்கார வைத்து வீடியோக்களைத் தேடிப் பார்த்தேன், நிறைய வாசித்தேன். பார்க்கப் பார்க்க, இது வெறும் பாட்டுச் சண்டை அல்ல, இதற்குப் பின்னால் நூற்றைம்பது வருடக் கதை இருக்கிறது என்று புரிந்தது.

முதலில் ‘கலர்’ என்ற சொல். இங்கே அது வண்ணம் அல்ல. படைப் பிரிவின் கொடியைத்தான் ராணுவத்தில் ‘கலர்ஸ்’ என்பார்கள். அதைக் காப்பவர்கள் கலர் கார்ட். பீரங்கிப் புகையில் எதிரே நிற்பவன் முகம் தெரியாது. நம் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டுவது கொடி ஒன்றுதான். கொடி முன்னே போனால் படை முன்னே போகும். கொடி விழுந்தால் படை கலையும். அதனால் ஒரு சார்ஜெண்ட் கொடியைப் பிடிக்க, அவரைச் சுற்றிக் கார்ப்பரல்கள் காவல் நிற்பார்கள். கொடியைப் போலவே முரசும் புனிதம் என்பது புறநானூறு படித்த நமக்குப் புதிதில்லை. முரசு கட்டிலில் அறியாமல் படுத்துத் தூங்கிய மோசிகீரனாரை வெட்டாமல் சேர மன்னன் கவரி வீசிய கதையை மறந்திருக்க மாட்டீர்கள்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 ஜூலை 18 அன்று, தென் கரோலினாவில் வாக்னர் கோட்டையை 54-வது மாசசூசெட்ஸ் படை தாக்கியது. கறுப்பின வீரர்களைக் கொண்ட படை அது. கொடி பிடித்தவர் விழுந்ததும் வில்லியம் கார்னி என்ற சார்ஜெண்ட் அதைத் தூக்கிக்கொண்டார். அடிமையாகப் பிறந்த மனிதர். உடம்பில் பல இடங்களில் குண்டு பாய்ந்தும் கொடியைக் கீழே விடாமல் தன் ஆட்களிடம் கொண்டுவந்து சேர்த்தார். கொடி தரையைத் தொடவில்லை என்பதைத்தான் அவர் பெருமையாகச் சொன்னார். அந்த வீரத்துக்கான உயரிய பதக்கம் அவர் கைக்கு வந்தது 1900-ல். 37 வருடம் கழித்து!

அந்தக் காலத்தில் கொடிக்கு இசை யார் தேர்ந்தெடுத்தார்கள்? யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. இசை என்பதே கட்டளைதான். பறை நடையைச் சொல்லும். பியூகிள் எழு, சாப்பிடு, தாக்கு, திரும்பு என்று சொல்லும். பியூகிளில் விரலால் அழுத்த எதுவும் கிடையாது. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் ஊதினால் சில ஒலிகள் மட்டுமே வரும். 1862-ல் ஜெனரல் பட்டர்ஃபீல்டின் முகாமில் உருவான ‘டாப்ஸ்’ என்ற இசையை ராணுவ அடக்கத்தின்போது இன்றும் ஊதுகிறார்கள். மொத்தம் 24 முறை ஒலி எழும்புகிறது, ஆனால் அதில் உள்ளவை நான்கே ஒலிகள். அந்த நான்கை வைத்துக்கொண்டு கேட்பவர் கண்ணில் நீர் வரவைத்துவிடுகிறார்கள்.

முதல் உலகப் போர் முடிந்தது. 1919-ல் அமெரிக்கன் லீஜியன் என்ற முன்னாள் படைவீரர் சங்கம் தொடங்கியது. ஊருக்கு ஊர் அதன் கிளைகள். வீடு திரும்பியவர்கள் பறையையும் பியூகிளையும் எடுத்துக்கொண்டு ‘டிரம் கோர்’ எனப்படும் அணிகளை அமைத்தார்கள். பிறகு தங்கள் பிள்ளைகளுக்கும் அமைத்துக்கொடுத்தார்கள். தேவாலயங்களும் சாரணர் அமைப்புகளும் சேர்ந்துகொண்டன. போட்டிகள் வந்தன. ஒவ்வோர் அணியின் முன்னாலும் தேசியக் கொடி ஏந்திய கலர் கார்ட் நடந்தது.

இதே லீஜியன்தான் 1923-ல் மாநாடு கூட்டி, தேசியக் கொடியை எப்படி மதிக்க வேண்டும் என்ற விதித்தொகுப்பு உருவாகக் காரணமாக இருந்தது. 1942-ல் அது சட்டமானது. கொடி தரையில் படக்கூடாது என்பது அதில் ஒரு விதி. இன்று இந்தப் பிள்ளைகள் கொடியைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பதைப் பார்த்து நீங்கள் பதற வேண்டாம். அவர்கள் வீசுவது தேசியக் கொடி அல்ல. ஆட்டத்துக்கென்றே தைத்த வண்ணக் கொடி. பதற்றம் எனக்கும் வந்தது. பேத்திதான் விளக்கினாள்.

அந்தப் போட்டிகளில் மதிப்பெண் போட்ட முறை கேட்டால் நம் பள்ளிக்கூட நினைவு வரும். நூறில் தொடங்குவார்கள். ஒவ்வொரு தவறுக்கும் பத்தில் ஒரு புள்ளி கழிப்பார்கள். கால் மாறினால் கழிவு, கைகள் ஒரே உயரத்தில் இல்லையென்றால் கழிவு. இப்படித் திருத்தினால் என்ன ஆகும்? எல்லோரும் தப்பு வராத பாட்டைத்தான் எடுப்பார்கள். நிமிடத்துக்கு 120 அடி என்பது அமெரிக்க ராணுவத்தின் வேக நடை. அந்தத் தாளத்தில் அமைந்த, எல்லோருக்கும் தெரிந்த தேசபக்தி மெட்டு என்றால் ஆபத்து இல்லை. கேட்பவர்களும் போர் பார்த்தவர்கள், அவர்களுக்கும் திருப்தி.

அறுபதுகளின் கடைசியில் இந்த ஏற்பாடு கசக்க ஆரம்பித்தது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தது. அணியில் இருந்த பையன்களுக்கு அண்ணன்மார்கள் போர்முனையில். 1971-ல் மூன்று அணிகள் செய்ததைப் பாருங்கள். மேடிசன் ஸ்கவுட்ஸ், ‘ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்’ கதையை வேடமிட்டு ஆடினார்கள். சிகாகோவின் கேவலியர்ஸ் சர்க்கஸ் நடத்தினார்கள். நியூ ஜெர்சியின் கார்ஃபீல்ட் கேடட்ஸ் ‘இனி போர் வேண்டாம்’ என்ற கருத்தை எடுத்துக்கொண்டு, மைதானத்தில் சமாதானச் சின்னத்தின் வடிவத்தில் நின்றார்கள். போர்வீரர் சங்கங்கள் வளர்த்த கலையில், போர்வீரர்கள் உட்கார்ந்து பார்க்கும் இடத்தில்! எவ்வளவு சலசலப்பு இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அதே ஆண்டு முன்னணி அணிகள் சேர்ந்து டிரம் கோர் இன்டர்நேஷனல் என்ற சொந்த அமைப்பைத் தொடங்கின. 1972-ல் விஸ்கான்சினில் உள்ள வொயிட்வாட்டரில் முதல் போட்டி நடந்தது. கலிஃபோர்னியாவின் அனஹைம் கிங்ஸ்மென் வென்றார்கள். விதிகளை எழுதும் பேனா சங்கங்களின் கையிலிருந்து அணிகளின் கைக்கு வந்தது. சாண்டா கிளாரா வேன்கார்ட் அணி ‘ஃபிட்லர் ஆன் த ரூஃப்’ நாடக இசையை எடுத்து, தலையில் புட்டி வைத்து ஆடும் யூதக் கல்யாண நடனத்தைக் கொடி ஏந்தியவர்களுக்குக் கொடுத்தது. இன்றும் அந்த ஆட்டம் அந்த அணியின் அடையாளம். பியூகிளிலும் வால்வுகள் ஒவ்வொன்றாக அனுமதிக்கப்பட்டன. 1990-ல் மூன்று வால்வு வந்தபிறகு ஊத முடியாத ஒலி என்று ஏதும் இல்லை.

இதற்கிடையில் இன்னொன்று நடந்தது. நம் மாணவியின் மகளுக்கு நேரடியாகத் தொடர்புள்ளது அதுதான். குளிர்காலத்தில் பனி கொட்டும், மைதானத்தில் நிற்க முடியாது. கொடிப் பிள்ளைகள் பள்ளிகளின் உள்விளையாட்டு அரங்குகளுக்குள் வந்தார்கள். பியூகிள் ஊதுபவர்கள் கூட இல்லை. எனவே பதிவு செய்த இசை. 1977-ல் வின்டர் கார்ட் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு பிறந்தது. அடுத்த ஆண்டு முதல் இறுதிப் போட்டி. பல வருடங்களாக ஒஹையோவின் டேட்டன் நகரம்தான் இவர்களுக்கு மெக்கா மாதிரி.

பதிவு செய்த இசை என்பதை லேசாக நினைக்காதீர்கள். அதுவரை அணியில் இருப்பவர்களால் எதை ஊத முடியுமோ அதுதான் பாட்டு. இப்போது உலகத்தில் எதுவெல்லாம் பதிவாகியிருக்கிறதோ அதெல்லாம் பாட்டு. ஒற்றைப் பியானோ போதும், ஒருவர் பேசும் குரல் போதும். முன்பு வாத்தியக்காரர்களுக்கு முன்னால் அலங்காரமாக நின்ற பெண்கள் இப்போது நடுவில் வந்தார்கள்.

மதிப்பெண் முறையும் மாறியது. பெரிய போட்டிகளில் தப்புக்குக் கழிக்கிற வழக்கம் 1984-ல் போயிற்று. செய்ததற்கு, அதன் கடினத்துக்கு, அதை எவ்வளவு நன்றாகச் செய்தார்கள் என்பதற்கு மதிப்பெண் கொடுக்கத் தொடங்கினார்கள். சிவப்பு மையால் கழிக்கிற வாத்தியாரும், நல்ல வரியின் ஓரத்தில் கோடு போட்டு மதிப்பெண் கூட்டுகிற வாத்தியாரும் ஒரே விடைத்தாளைத் திருத்தினால் எவ்வளவு வித்தியாசம் வருமோ, அவ்வளவு வித்தியாசம் பாட்டுத் தேர்விலும் வந்தது.

ஆனால் சுதந்திரம் வந்தால் அதற்கு விலையும் உண்டு. 1993-ல் ஸ்டார் ஆஃப் இண்டியானா என்ற அணி சாமுவேல் பார்பர், பேலா பார்டோக் ஆகியோரின் இசையை எடுத்தது. பெற்ற பிள்ளைகளையே கொன்ற மீடியா என்ற கிரேக்கப் புராணத் தாயின் கதை. உரசும் ஒலிகள், திடீர் மௌனங்கள். கைதட்டத் தோதான இடமே கிடையாது. பல ஊர்களில் கூட்டத்துக்குப் பிடிக்கவில்லை, கூச்சலிட்டவர்களும் உண்டு. இறுதிப் போட்டியில் பத்தில் ஒரு புள்ளி வித்தியாசத்தில் இரண்டாம் இடம். அதோடு அந்த அணி போட்டிகளை விட்டு விலகியது. அதன் ஆட்கள்தான் பிறகு ‘பிளாஸ்ட்!’ என்ற மேடை நிகழ்ச்சியை உருவாக்கினார்கள். 1999-ல் லண்டன், பிறகு நியூயார்க்கின் பிராட்வே, 2001-ல் டோனி விருது. அந்த நிகழ்ச்சி தொடங்குவது ராவெலின் ‘பொலேரோ’ இசையில். மெதுவாக, ஒற்றைப் பறையில் ஆரம்பித்து, கால் மணி நேரம் ஏறிக்கொண்டே போகும் இசை அது. தூக்கம் வருகிறது என்று யாராவது அன்று சொல்லியிருந்தால்?

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. இல்லினாய் மாநிலத்தின் ஃபேண்டம் ரெஜிமென்ட் 2008-ல் ஸ்பார்டகஸ் கதையை ஆடினார்கள். ரோமாபுரியை எதிர்த்து எழுந்த அடிமை வீரன். எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புகளில் என்னிடம் கேட்டிருப்பீர்கள். கச்சத்தூரியன் அந்தக் கதைக்கு எழுதிய பாலே இசை அதில் முக்கியம். அரங்கமே அவர்கள் பக்கம் எழுந்து நின்றது. 98.125-க்கு 98.100 என்று, நாற்பதில் ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்றார்கள்.

ஒரு பாட்டு கூட்டத்தை அந்நியமாக்கியது, ஒன்று கூட்டத்தை எழுப்பியது. இரண்டிலும் ஆடியவர்கள் அந்தக் கதையை நம்பி ஆடினார்கள். அது வீடியோவில் இன்றும் தெரிகிறது.

இனி நம் பஞ்சாயத்துக்கு வருகிறேன். அம்மா கேட்டது விறுவிறுப்பான பாட்டு. வேகம் என்பது இங்கே ருசி மட்டுமில்லை, கணக்கும்கூட. இவர்கள் கொடியைத் தவிர மரத்தால் செய்த துப்பாக்கியையும், வாளையும் தூக்கிப் போட்டுப் பிடிப்பார்கள். மேலே போன பொருள் எப்போது கீழே வரும் என்பதைப் பாட்டு தீர்மானிக்க முடியாது; புவியீர்ப்பு தீர்மானிக்கிறது. ஒன்றரை விநாடி காற்றில் இருக்க வேண்டுமானால் கைக்கு மேலே சுமார் 9 அடி போக வேண்டும். இரண்டு விநாடிக்கு சுமார் 16 அடி. நிமிடத்துக்கு 120 தட்டு என்றால் நான்கு தட்டுக்கு இரண்டு விநாடி. சரி, 16 அடி எறிந்துவிடலாம். அதே நான்கு தட்டை 90 வேகத்தில் வைத்தால்? காற்றில் 2.67 விநாடி நிற்க வேண்டும். ஏறக்குறைய 28 அடி. எந்தப் பதினாறு வயதுப் பிள்ளை எறிவாள்? கூரைதான் இடிக்கும். அதனால் மெதுவான பாட்டில் எறிதலை இரண்டு தட்டுக்கோ மூன்று தட்டுக்கோ அமைக்க வேண்டும்; மிச்ச நேரத்தை உடம்பால் நிரப்ப வேண்டும். துணியை விரித்து மிதக்க விட வேண்டும். கை நடுங்கினால் அப்பட்டமாகத் தெரியும். வேகமான பாட்டில் சின்னத் தடுமாற்றம் மறைந்துபோகும். ஆனால் துணி கம்பில் சுற்றிக்கொள்ளும். மெதுவான பாட்டு சோம்பேறிப் பாட்டு என்று எண்ணினால் தப்பு. அதுதான் ஒளிய இடம் தராத பாட்டு.

துணி கம்பில் சுற்றிக்கொள்ளும் என்பதை நான் வாசித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 1992 ஆண்டு விழாவில் கண்ணால் பார்த்தேன். நாற்பது பெண் பிள்ளைகள் கொடிப் பயிற்சி. அவர்கள் பழகியது கும்மி நடையில் ஒரு நிதானமான மெட்டுக்கு. சிறப்பு விருந்தினர் வருகிறார், எடுப்பாக இருக்க வேண்டும் என்று கடைசி வாரத்தில் ஒரு வேகமான பாட்டை மாற்றி வைத்தது நான். ஒருத்தி தயங்கித் தயங்கி, “சார், பழைய பாட்டே இருக்கட்டுமே” என்றாள். நான் கேட்கவில்லை. விழாவில் பாதிக் கொடி கம்பில் சுருண்டுபோயிற்று. மூன்றாவது வரிசையில் ஒரு பிள்ளை அப்படியே நின்றுவிட்டாள். முடிந்ததும் எல்லோர் முன்னாலும் அவளைத்தான் திட்டினேன். பாட்டை மாற்றியவனை யாரும் திட்டவில்லை.

ஒஹையோவிலிருந்து போன் செய்தவள் அந்த நாற்பது பேரில் ஒருத்தி. திரும்ப நான் பேசியபோது இதை ஞாபகப்படுத்தினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “மறப்பேனா சார், மூணாவது வரிசைல நின்னது என் பக்கத்துல நின்னவதான்” என்றாள். அந்த மூன்றாவது வரிசை மாணவி இதைப் படித்தால், உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் அம்மா. முப்பது வருடம் தாமதம்தான்.

மகளிடம் நான் எந்தப் பாட்டையும் சொல்லவில்லை. சில கேள்விகளை மட்டும் அனுப்பினேன்.

1. கொடி இல்லாமல், பாட்டும் இல்லாமல், எட்டு எட்டாக எண்ணி முழுதும் முனகிக் காட்ட முடிகிறதா? முடியாவிட்டால் பாட்டு இன்னும் உனக்குள் போகவில்லை.

2. உன் கடினமான எறிதல் எங்கே வருகிறது? இசை ஏறும் இடத்திலா, உன் வசதிக்கு ஏற்ற இடத்திலா?

3. ஆறு நிமிட இசையை இரண்டு நிமிடமாக எங்கே வெட்டப்போகிறாய்? நடு வாக்கியத்தில் வெட்டினால், பேச்சில் பாதியில் எழுந்து போனது போலிருக்கும்.

4. அதைப் பயன்படுத்த உரிமை வாங்க வேண்டுமா என்று உன் பயிற்சியாளரிடம் கேட்டாயா? போட்டி நடத்துபவர்கள் இதில் இப்போது கண்டிப்பு.

5. மார்ச்சுக்குள் முந்நூறு தடவை கேட்பாய். முந்நூற்றோராவது தடவையும் பிடிக்குமா?

அம்மாவுக்கும் ஒன்று சொன்னேன். கொடிக்கு முதலில் தளபதி பாட்டு வைத்தார். பிறகு சங்கம் வைத்தது. பிறகு அணி வைத்தது. இப்போதுதான் கம்பைப் பிடித்திருக்கும் பிள்ளையின் கைக்கு வந்திருக்கிறது. அங்கே வந்து சேர நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. நாம் பிடுங்க வேண்டாம். உன் பாட்டு நல்ல பாட்டுதான். அவள் ஒருநாள் தானாகக் கேட்டால் கொடு.

மகள் அந்தப் பியானோ இசையை எனக்கு அனுப்பினாள். நான்கு தடவை கேட்டேன். மூன்றாவது தடவைதான் நடுவில் ஓரிடத்தில் இசை மெல்ல எழுவதைக் கவனித்தேன். அங்கேதான் எறியப்போகிறாளாம். இரண்டே தட்டு. மற்றபடி எனக்கு இன்னும் தூக்கம்தான் வருகிறது. ஆனால் ஆடப்போவது நான் இல்லையே.

உங்கள் பிள்ளைகள் மேடை ஏறும்போது பாட்டை யார் தேர்ந்தெடுத்தீர்கள்? நேரம் இருந்தால் கீழே எழுதுங்கள். 1992 ஆண்டு விழாவில் கொடி பிடித்தவர்கள் கட்டாயம் எழுத வேண்டும். திட்டினாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்